நன்றாக விற்கும்போதே ஏன் மாற்ற வேண்டும்?

(மாவட்ட அளவிலான பணியிடைப் பயிற்சியில் வணிகவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வணிகவியல் கருத்தரங்கில் வீடியோ கேம் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். பதினோராம் வகுப்பில் ஒரு பொருளின் விற்பனை ஏறி இறங்குவதைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சோப்பு, பற்பசை என்று வழக்கமான உதாரணங்கள். பின் பெஞ்சில் ஒரு மாணவன், “மிஸ், நல்லா விக்கிறதை எதுக்கு நிறுத்திட்டுப் புதுசு விடுறாங்க?” என்று கேட்டான். அவன் கேட்டது செல்போனைப் பற்றி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடியபோதுதான், டி.வி.யில் இணைத்து விளையாடும் கேம் பெட்டிகளின் கதை கிடைத்தது. செல்போனை விட அதில் கணக்கு தெளிவாகத் தெரிகிறது.

முதலில் அந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பெட்டியில் லாபம் குறைவு. சில சமயம் நஷ்டத்துக்கே விற்பார்கள். வருமானம் கேம்களில் வருகிறது. மற்ற நிறுவனங்கள் அந்தப் பெட்டிக்குக் கேம் தயாரித்தாலும் ஒவ்வொரு பிரதிக்கும் பெட்டிக்காரருக்குப் பங்கு உண்டு. ஆகவே பத்துக் கோடி வீடுகளில் பெட்டி இருக்கிறது என்றால் அதுதான் அவர்களின் சொத்து. புதுப் பெட்டி விடும் அன்று அந்த எண்ணிக்கை மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. மாற்றுவதற்கு ஏன் தயங்குகிறார்கள் என்பது இப்போது புரியும்.

ஜப்பானின் நின்டெண்டோ 2017 மார்ச்சில் ஸ்விட்ச் என்ற கருவியை வெளியிட்டது. அவர்களுக்கும் நம்மைப் போல ஏப்ரல் முதல் மார்ச் வரைதான் நிதியாண்டு. 2020-21இல் விற்றது 2.88 கோடி. அதுதான் உச்சம், கொரோனாவில் எல்லாரும் வீட்டில் இருந்த வருடம். அடுத்த நான்கு ஆண்டுகள்: 2.31 கோடி, 1.80 கோடி, 1.57 கோடி, 1.08 கோடி.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி, வரைபடத் தாளில் கோடு போடச் சொன்னேன். புதுக் கருவியை எந்த ஆண்டில் விடுவீர்கள் என்று பென்சிலால் குறிக்க வேண்டும். பாதிப் பேர் உச்சியிலேயே குறித்தார்கள். ஒரு மாணவி மட்டும், “மிஸ், இறங்கினாலும் 1.80 கோடி விக்குதே, அதைப் போய் யாராவது விடுவாங்களா?” என்றாள். நியாயமான கேள்வி. நின்டெண்டோவும் அவளைப் போலத்தான் நடந்துகொண்டது. ஸ்விட்ச் 2 வந்தது 2025 ஜூன் 5 அன்று, எட்டு வருடம் கழித்து. முதல் நான்கு நாளில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. பழைய கேம்களில் பெரும்பாலானவை புதியதிலும் ஓடும். என்னைக் கேட்டால் ஒரு வருடம் முன்பே விட்டிருக்கலாம் என்பேன். ஆனால் தாமதத்தால் அவர்கள் கெட்டுப்போகவில்லை.

அவசரத்தால் கெட்டவர்கள் உண்டு. சேகா என்ற ஜப்பான் நிறுவனம். அதன் மெகா டிரைவ் 1988இல் வந்து, அமெரிக்காவில் ஜெனிசிஸ் என்ற பெயரில் நன்றாக விற்றது. 1994 நவம்பரில், அதோடு பொருத்திக்கொள்ளும் 32எக்ஸ் என்ற துணைக் கருவியை அமெரிக்காவில் 159 டாலருக்கு விற்றார்கள். அதே மாதம் ஜப்பானில் சாட்டர்ன் என்ற முற்றிலும் புதிய பெட்டியையும் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் சாட்டர்ன் செப்டம்பரில் வரும் என்று சொல்லிவிட்டு, 1995 மே மாதமே திடீரென்று கடைக்கு அனுப்பினார்கள், விலை 399 டாலர். எல்லாக் கடைகளுக்கும் சரக்கு போகவில்லை. விடுபட்ட கடைக்காரர்களுக்குக் கோபம். கேம் தயாரிப்பவர்கள் செப்டம்பரை நம்பி இருந்ததால் விளையாடக் கேம்களும் போதவில்லை. அதே கண்காட்சியில் சோனி தன் பிளேஸ்டேஷனின் விலையை அறிவித்தது: 299.

வகுப்பில் இதைச் சொன்னபோது முதலில் கேள்வி கேட்ட அதே மாணவன், “அந்த 159 டாலர் குடுத்து வாங்கினவன் கதி?” என்றான். அவன் அண்ணன் தவணையில் போன் வாங்கித் தவணை முடிவதற்குள் புது மாடல் வந்துவிட்டதாம். எனக்கு அந்த இடத்தில்தான் பாடம் விளங்கியது என்று சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் கைவிடப்பட்ட ஒருவர் அடுத்த முறை அதே கடைக்கு வருவாரா? சேகாவின் அடுத்த பெட்டி டிரீம்காஸ்ட், 1998இல் ஜப்பானில் வந்தது. நல்ல கருவி என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். சோனியோ பிளேஸ்டேஷன் 2 வரப்போகிறது என்று 1999 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டது. பலர் அதற்காகக் காத்திருந்தார்கள். 2001 ஜனவரியில், இனி கேம் பெட்டி தயாரிக்கப் போவதில்லை என்று சேகா அறிவித்தது. அதன் தலைவர் இசாவோ ஒகாவா தன் சொந்தப் பங்குகளையே நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு அந்த மார்ச்சில் இறந்துபோனார்.

சோனி செய்த ஒரு காரியத்தையும் கவனிக்க வேண்டும். 2000 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 2 வந்தபோது பழைய பிளேஸ்டேஷன் கேம்கள் அதிலும் ஓடின. பழைய பெட்டியையும் நிறுத்தாமல், அதே ஆண்டில் சிறிய வடிவில் மறுபடி விட்டார்கள். பணம் இருப்பவர் புதியதையும் மற்றவர் பழையதையும் வாங்கினார்கள். பிளேஸ்டேஷன் 3 வந்தது 2006இல். பிளேஸ்டேஷன் 2 தயாரிப்பு 2013 வரை நிற்கவில்லை. அது 15 கோடிக்கு மேல் விற்றது.

சமயம் சரியாக இருந்தும் சறுக்கிய கதையும் உண்டு. பத்துக் கோடியைத் தாண்டிய வீ என்ற கருவிக்குப் பிறகு, 2012இல் நின்டெண்டோ வீ யூ என்று பெயர் வைத்தது. பழையதற்கு ஏதோ உதிரி பாகம் என்று பலர் நினைத்துவிட்டார்கள். விற்றது ஒன்றரைக் கோடி கூட இல்லை.

மாற்றும் வேலையைத் தொடங்குவது வேறு, மாற்றுவது வேறு என்பதை வகுப்பில் புரியவைக்க எனக்கு இரண்டு பாடவேளை ஆயிற்று. புதுக் கருவியை வடிவமைக்கவே பல ஆண்டுகள் வேண்டும். ஆகவே உச்சியில் குறித்த பிள்ளைகள் சொன்னதும் தவறில்லை. வேலையை அங்கே தொடங்கியிருக்க வேண்டும். கடைக்கு அனுப்புவது, விற்பனை இறங்கினாலும் வாங்கியவர்கள் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கும் காலத்தில்.

வரைபடத் தாள்கள் கொண்டுவந்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுத்து, ஸ்விட்ச்சின் ஐந்து எண்களையும் குறித்துவிட்டு, உங்கள் பென்சில் எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள். தேநீருக்குப் பிறகு பேசலாம்.