மாதவிடாய் நின்ற பிறகும் உடல் அசையட்டும்

கோலா கிளாவாங் தாய்மார்களே!

பால்மரம் வெட்டிய நாளில் விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடந்தீர்கள். இன்று அந்த நடை இல்லை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பும் குறைந்துவிடுகிறது. அதனால் வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. இரத்தத்தில் கெட்ட கொழுப்பு கூடுகிறது. இரத்த அழுத்தமும் ஏறலாம். வலி தெரியாததால் பலர் கவனிப்பதில்லை. நீரிழிவும் மாரடைப்பும் இப்படித்தான் நெருங்குகின்றன.

தசை வேலை செய்தால் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அதற்கு உதவும் மென்மையான பயிற்சி, ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ் வகுத்த 'பிலாட்டிஸ்'. ஒரு பாய் போதும். தரையில் படுக்க முடியாதவர்கள் கட்டிலில் செய்யலாம்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். மூச்சை விட்டபடி இடுப்பை மெல்ல உயர்த்துங்கள். மூச்சை இழுங்கள், பிறகு விட்டபடி இறக்குங்கள். முதலில் 5 முறை போதும். மூச்சை அடக்காதீர்கள், இரத்த அழுத்தம் ஏறும்.

தசைப் பயிற்சி வாரத்தில் 2 நாளாவது வேண்டும். அதோடு வாரம் 150 நிமிடம் வேகமாக நடங்கள். மருந்தை நிறுத்தாதீர்கள். நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் உடனே நிறுத்தி உதவி கேளுங்கள். எலும்புத் தேய்மானம், இருதய நோய் உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள்.