பி.எச்.சி பவுடரைத் தின்னும் பாக்டீரியா: தின்ன பிறகு என்ன மிச்சம்?

மண்ணில் தங்கிப்போகும் பூச்சிமருந்துகளைப் பற்றிப் பேசின எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "விஷத்தைத் தின்னும் நுண்ணுயிர் இருக்குன்னு சொல்றாங்களே, வாங்கி ஊத்திட்டா மண் சுத்தமாகிடுமா?" ஒரே ஒரு மருந்தை வெச்சுப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

பி.எச்.சி பவுடர். ஐம்பது வயசு தாண்டினவங்களுக்கு அந்த வாடை இன்னும் ஞாபகம் இருக்கும். வயல்ல தூவுவாங்க, வீட்டில் எறும்புக்குக் கோடு போடுவாங்க. நம்ம நாட்டில் 1997ல் தடை செய்தாங்க. இதோட வேதிப்பெயர் சுருக்கமா எச்.சி.எச். ஆறு கார்பன் சேர்ந்த ஒரு வளையம், ஒவ்வொரு கார்பனிலும் ஒரு குளோரின். அந்தக் குளோரின்கள் எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுங்கிறதைப் பொறுத்து ஆல்ஃபா, பீட்டா, காமான்னு பல வடிவங்கள். பூச்சியைக் கொல்றது முக்கியமா காமாதான். அதைத் தனியாப் பிரிச்சு வித்ததுதான் லிண்டேன். ஒரு டன் லிண்டேன் எடுத்தா 8 முதல் 12 டன் வரைக்கும் கழிவு. அதைக் கொட்டிட்டுப் போன இடங்கள் உலகம் பூரா இருக்கு.

அதில் ஒண்ணு லக்னோ பக்கத்தில் இருக்கிற உம்மாரி கிராமம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ரூப் லால் குழு 2012ல் வெளியிட்ட ஆய்வுப்படி, கழிவு கொட்டின இடத்தில் ஒரு கிராம் மண்ணுக்கு 450 மில்லிகிராம் எச்.சி.எச். கிட்டத்தட்டப் பாதி எடை! மண்ணுன்னு சொல்றதே ஒரு மரியாதைக்குத்தான். ஒரு கிலோமீட்டர் தள்ளி 0.7 மில்லிகிராம், அஞ்சு கிலோமீட்டரில் 0.03.

இப்போ பாக்டீரியாவுக்கு வருவோம். 1990ல் ஒடிசா கட்டாக்கில் இருக்கிற மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க, கரும்பு வேர் மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரிச்சாங்க. அந்த வழியில் வந்ததுக்கு இன்னைக்குப் பேர் ஸ்பிங்கோபியம் இண்டிகம். இதுகிட்ட ரெண்டு முக்கியமான நொதிகள். லின்-ஏ, குளோரினையும் பக்கத்து ஹைட்ரஜனையும் சேர்த்துப் பிடுங்கும். லின்-பி, குளோரினை எடுத்துட்டு அந்த இடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு தொகுதியை வைக்கும்.

காமாவை லின்-ஏ சுலபமாப் பிடிச்சிடும். படிப்படியா உடைஞ்சு, பெரும்பகுதி அந்த பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகவே ஆகிடும். சிக்கல் பீட்டாவில். அதில் குளோரின்கள் நிக்கிற விதம் லின்-ஏவுக்குப் பிடி கொடுக்காது. லின்-பி ஒண்ணு ரெண்டு குளோரினை மாத்தும், அதோட வேலை பெரும்பாலும் நின்னுடும். நாலு குளோரின் அப்படியே இருக்கிற ஒரு பொருள் மிச்சம். ஆனா ஆய்வகத்தில் பீட்டா எச்.சி.எச்சை மட்டும் அளந்தா, ரிப்போர்ட்டில் "குறைஞ்சிடுச்சு"ன்னுதான் வரும். மாறின பொருளோ முன்னைவிடத் தண்ணியில் கரையக்கூடியது. பக்கத்தில் கிணறு இருந்தா அந்த ரிப்போர்ட்டை நம்பிக் கையெழுத்துப் போட நான் தயங்குவேன்.

அதுக்காக இந்த வழியே வேண்டாம்னு சொல்லலை. ரூப் லால் குழு மக்காச்சோளச் சக்கையில் பாக்டீரியாவை ஏத்தி மண்ணில் கலந்து பார்த்திருக்காங்க, எச்.சி.எச் அளவு நல்லாவே இறங்கியிருக்கு. உம்மாரி மண்ணிலேயே இதே குடும்பத்து பாக்டீரியாக்கள் நிறைய இருக்கிறதும் தெரிஞ்சது. அப்படின்னா சில இடங்களில் வெளியிலிருந்து கொண்டுவரக்கூட வேண்டாம். ஈரம், காத்து, சத்து கொடுத்து மண்ணைக் கிளறிவிட்டா உள்ளூர்க்காரங்களே வேலை செய்வாங்க.

என் கணிப்பு இது: பாதி எடை மருந்தா இருக்கிற குவியலை முதலில் தோண்டி எடுத்துப் பாதுகாப்பா அடைக்கணும். சுத்தி இருக்கிற 0.7, 0.03 நிலங்கள்தான் பாக்டீரியாவுக்கு ஏத்த இடம்.

உங்க ஊருக்கு யாராவது இப்படி ஒரு கரைசலோட வந்தா, மருந்து எவ்வளவு குறையும்னு கேட்கிறதோட நிறுத்தாதீங்க. எதுவா மாறும், அதை யார் அளப்பாங்க, எத்தனை மாசத்துக்கு அளப்பாங்கன்னு கேளுங்க. கிணத்துத் தண்ணியையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்க.

எண்டோசல்ஃபான் பற்றியும் சிலர் கேட்டிருந்தீங்க. அதை அடுத்த எபிசோடில் எடுத்துக்கலாம்.