பேனாவை வாங்கிக்கொள்ளாதீர்கள்

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் சமூகக் கூடத்தில் சனிக்கிழமை மாலை நடக்கும் ஆங்கில வகுப்பில் சொல்லித்தர இந்த முறை நிறையப் பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. படிக்க வருகிறவர்கள் நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள், காவலர்கள், அவர்களுடைய பிள்ளைகள். நாம் பக்கத்தில் இல்லாதபோதும் அவர்கள் சமாளிக்க வேண்டும். வகுப்பே அதற்குத்தான்.

1976-இல் வுட், புரூனர், ராஸ் என்ற மூவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளை அடுக்க, பெரியவர் ஒருவர் எப்படி உதவுகிறார் என்று பார்த்தார்கள். அந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் 'சாரம்'. நம் பி பிளாக்கில் பெயின்ட் அடித்தபோது சாரம் கட்டினோமே, அதேதான். சாரம் இல்லாமல் வேலை நடக்காது. வேலை முடிந்தும் பிரிக்காவிட்டால் ஜன்னலைத் திறக்க முடியாது!

சொல்லித்தரப் போகிறவர்களுக்கு நான்கு விஷயங்கள்.

முதலாவது, கேள்வி கேட்டால் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் மாணவர்கள் நீளமாகப் பதில் சொன்னார்கள்.

இரண்டாவது, 'யெஸ்டர்டே ஐ கோ' என்றால் நடுவில் வெட்டாதீர்கள். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும். பிறகு திருத்தலாம்.

மூன்றாவது, தமிழைத் தடை செய்யாதீர்கள். அரை மணி நேரம் ஆங்கிலத்தில் திணறி விளக்குவதை, தமிழில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். மிச்ச நேரம் அவர்கள் ஆங்கிலம் பேசட்டும்.

நான்காவது, வங்கிப் படிவம் போன்றவற்றை முதல் தடவை சேர்ந்து நிரப்புங்கள். அடுத்த தடவை பாதியை அவர்களிடம் விடுங்கள். மூன்றாம் தடவை, முடித்த பிறகு பார்த்துக்கொடுங்கள், போதும். சொல்லுக்குப் பொருள் கேட்டால் அகராதியைத் தேடக் கற்றுக்கொடுங்கள்.

"பாவம், நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறீர்கள். நல்ல மனசுதான். ஆனால் வகுப்புக்கு வரும் பெண்களில் சிலர் இந்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கிறார்கள். நாளைக்கு அவர்கள் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனால், அந்த அறைக்குள் நாம் கூடப் போக முடியாது.

ஆகவே, யாராவது படிவத்தோடு உங்கள் வீட்டு மணியை அடித்தால், உட்கார நாற்காலி போடுங்கள். பேனாவை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.