பூசைக்குப் போகிறவர்கள் யாருக்குப் போடுவது?

(2024 ஜனாதிபதித் தேர்தலை முன்னிட்டு, அந்த ஆண்டு செப்டெம்பர் முதல் வாரத்தில் நமது சங்க மாதர் பிரிவின் கல்வி வகுப்பில் தோட்ட மாதர் தலைவி ஒருவர் ஆற்றிய உரை)



இரண்டு கிழமைக்கு முன்னால் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு பேச்சு வந்தது. "வேதக்காரங்க எல்லாம் இந்த முறை இன்னாருக்குத்தான் போடுவாங்களாம், கோயில்ல சொல்லிட்டாங்களாம்" என்று ஒரு பிள்ளை சொன்னது. நான் ஞாயிறு பூசையை விடாதவள். எங்கள் சுவாமியார் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. 2019இல் நான் போட்ட வாக்கு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். வீட்டுக்காரருக்கே போன மாதந்தான் சொன்னேன்.

முதலில் அந்தப் பிள்ளைக்குப் பதில். இந்த நாட்டில் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஆறு பேர் அளவில்தான். சிலாபம், நீர்கொழும்புப் பக்கம் கரையோரமாகக் கூடுதலாக இருக்கிறார்கள். நம் தோட்டங்களில் ஒரு லயத்துக்கு ஒரு வீடு, இரண்டு வீடு. எல்லாரும் ஒரே ஆளுக்குப் போட்டதாக எந்தத் தேர்தலிலும் நான் கேள்விப்படவில்லை. சுவாமியார்மார் கட்சி வேலையில் இறங்கக்கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. நாட்டுச் சட்டமும் உண்டு. 1981ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தல் சட்டத்தின்படி, 'இவருக்குப் போடாவிட்டால் சாமி தண்டிக்கும்' என்ற மாதிரிப் பயமுறுத்தி வாக்குக் கேட்பது குற்றம். கோயிலுக்கும் சரி, பள்ளிவாசலுக்கும் சரி, பன்சலைக்கும் சரி, அதே சட்டந்தான்.

அப்படியென்றால் வேதத்துக்கும் வாக்குக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. வாக்களிப்பது கடமை என்றே திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. வரி கட்டுவதோடு சேர்த்து அதையும் சொல்கிறது. பொது நன்மையைப் பார்த்து, மனச்சாட்சிப்படி போட வேண்டும். பெயரை யாரும் எழுதித் தருவதில்லை. கேள்விகளைத்தான் தருகிறார்கள். நான் 2019இல் அந்தக் கேள்விகளைக் கேட்காமலே போய்ப் போட்டேன்.

அந்த வருடம் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம், கொழும்பில் பெரிய ஹோட்டல்கள். 260க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். புது உடுப்புப் போட்டுப் போன பிள்ளைகள். அதற்குப் பிறகு சில கிழமைக்கு ஞாயிறு பூசையே இல்லை, கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை டீவியில்தான் பூசை வைத்தார். பழிவாங்கப் போகாதீர்கள், அமைதியாக இருங்கள் என்று அவர் அப்போது சொன்னதை நான் என் காதால் கேட்டேன். கேட்டும் என்ன? மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கத்திலும் முஸ்லிம் கடைகளை எரித்தார்கள். இங்கே யாரும் எரிக்கவில்லை. ஆனால் டவுனில் நமக்கெல்லாம் கொப்பியில் கடன் எழுதித் தருகிற நானா கடைக்கு நான் இரண்டு மாதம் போகவில்லை. சம்பளம் முந்நூறு, நானூறு ரூபாவாக இருந்த காலத்தில் என் பிள்ளைகளுக்குப் பால்மா கடன் தந்த மனுசன். அவர் வாசலைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

நவம்பர் 16ஆம் திகதி தேர்தல். தேசியப் பாதுகாப்பு, தேசியப் பாதுகாப்பு என்றுதான் எங்கும் பேச்சு. நம் நுவரெலியா மாவட்டத்தில் கூடுதல் வாக்கு சஜித் பிரேமதாசவுக்கு விழுந்தது. நான் கோட்டாபய ராஜபக்ஷவுக்குப் போட்டேன். லயத்தில் யாருக்கும் சொல்லவில்லை. அவருக்குப் போட்டவர்கள் எல்லாரும் தப்புச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் காரணம் இருந்திருக்கும். என் காரணம் எனக்குத் தெரியும். பயம் ஒன்று. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது, 'அவங்களுக்கு ஒரு பாடம் படிப்பிக்கணும்' என்று. இதை வேத நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனேன். செபமாலை கையில் இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். குண்டு வெடிப்பு பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை 2021 பெப்ரவரியில் வந்தது. திருப்தி இல்லை என்று ஆயர்மார் சொன்னார்கள். அந்த மார்ச்சில் கறுப்பு ஞாயிறு என்று கறுப்பு உடுத்திப் பூசைக்குப் போனோம். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பின்னால் இருந்தது யார் என்ற கேள்வி இன்னும் கேள்வியாகவே கிடக்கிறது. எங்கள் கண்ணீருக்கு வாக்குப் போட்டோம், உண்மை வரவில்லை. இடையில் 2021இல் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தினார்கள். கொழுந்து குறைந்தது, பேர் குறைந்தது, அடுப்புப் பற்றவில்லை. கந்தோரில் பேர் வெட்டும்போது நீ வேதமா சைவமா என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே இந்த முறை என்ன கேள்வியோடு போகப் போகிறேன் என்று சொல்கிறேன். வேறு வேதத்துக்காரரும் எடுத்துக்கொள்ளலாம்.

1891இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் தொழிலாளரைப் பற்றி ஒரு திருமடல் எழுதினார். அதில் உள்ள ஒரு விசயத்தை எங்கள் பழைய உபதேசியார் அடிக்கடி சொல்வார். தொழிலாளி வேறு வழியில்லாமல் ஒரு கூலிக்கு ஒப்புக்கொண்டாலும், அது அவன் பிழைக்கப் போதாது என்றால் அது அநியாயந்தான். கையெழுத்துப் போட்டாயே என்று சொல்லித் தப்ப முடியாது. நமக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இந்த வருடம் மே தினத்தில் 1,700 ரூபா என்றார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. மேடையில் சொன்னதும் கையில் வந்ததும் ஒன்றா? வருகிற ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்க வேண்டும். எவ்வளவு தருவாய் என்பதோடு நிறுத்தாமல், கம்பனி மறுத்தால் என்ன செய்வாய் என்றும் கேட்க வேண்டும்.

அடுத்தது காணி. லயத்துக்குக் கூரைத்தகடு தருகிறோம் என்பவரையும், வீட்டையும் காணியையும் நம் பேரில் எழுதித் தருகிறோம் என்பவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இது வேதக் கேள்வியா என்று ஒரு தம்பி கேட்டார். கண்டியில் 1972இல் சத்தியோதயத்தைத் தொடங்கிய சேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் சுவாமியார் தோட்டத்து மக்களின் உரிமைக்காக எத்தனை வருடம் உழைத்தார் தெரியுமா? பூசை வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

மூன்றாவது, உயிர்த்த ஞாயிறு. அதை மறக்கச் சொல்கிறவருக்கு நான் போட மாட்டேன். அதைச் சொல்லிச் சொல்லியே என் வாக்கை வாங்கப் பார்க்கிறவருக்கும் போட மாட்டேன். விசாரணையை யார் நடத்துவார்கள், எப்படி நடத்துவார்கள் என்று சொல்லட்டும். நானாவின் பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்கூடம் போக என்ன வழி என்பதையும் அதே வாயால் சொல்லட்டும்.

இன்னொன்று சொல்லாமல் விட்டால் மனச்சாட்சி உறுத்தும். 1981இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் எழுதிய தொழில் பற்றிய திருமடலில், தொழிற்சங்கம் இல்லாமல் முடியாது என்று பலமாகச் சொல்லியிருக்கிறார். அதே இடத்தில், சங்கம் கட்சியின் பிடிக்குள் போகக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார். இதைச் சங்க மேடையில் சொல்ல எனக்குச் சங்கடந்தான், தலைவர் அங்கே சிரிக்கிறார். நம் மலையகத்தில் சங்கமும் கட்சியும் ஒரே குடையின் கீழ் நிற்கின்றன. பிரஜாவுரிமையைப் பறித்து, 1949இல் வாக்கையும் பறித்த காலத்தில் நமக்காகப் பேச வேறு ஆள் இல்லை, அதனால் அப்படி வளர்ந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சங்கம் ஒரு பெயரைச் சொன்னாலும், ஏன் என்று கேட்கிற உரிமை சந்தா கட்டுகிற நமக்கு இருக்கிறது. நம் பாட்டன்மார் போடக் கிடைக்காத வாக்கு இது.

யாருக்கு என்று சொல்லவே இல்லையே என்று பார்க்கிறீர்கள். சொல்ல மாட்டேன். நானாவிடம் போன மாதம் போய், 2019இல் கடைக்கு வராமல் போனதைச் சொன்னேன். "தெரியும் தங்கச்சி, கொப்பியில அந்த ரெண்டு மாசம் வெறுமையா இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரருக்கும் சொன்னேன்.

இனி வேலை விசயம். சீட்டில் 39 பெயர் இருக்கும், நீளமான சீட்டு, பதறாதீர்கள். விருப்பமானவருக்கு நேரே 1 போடுங்கள். வேண்டுமென்றால் வேறு இருவருக்கு 2, 3 போடலாம், கட்டாயமில்லை. புள்ளடி மட்டும் போட்டாலும் செல்லும். புள்ளடியும் இலக்கமும் கலந்து போட்டால்தான் பழுது. 21ஆம் திகதி சனிக்கிழமை, வேலை நாள். வாக்குப் போட 4 மணித்தியாலத்துக்குக் குறையாத லீவு சம்பளம் வெட்டாமல் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். கொழும்பில் வீட்டு வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் இன்றிரவே போன் எடுத்துச் சொல்லுங்கள். அடையாள அட்டை தொலைந்தவர்கள் இப்போதே என்னிடம் பேர் கொடுங்கள். திங்கட்கிழமை காலையில் கிராம சேவகரிடம் சேர்ந்து போவோம்.