கூண்டைத் திறந்துவிட்டால் போதுமா?

புஞ்சாக் ஆலாம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த ஊர். இன்றைக்கும் வீட்டு வரிசை முடியும் இடத்தில் தோட்டம் தொடங்கிவிடுகிறது. மட்டை வெட்டும்போதோ, வயதான மரத்தைச் சாய்க்கும்போதோ அணில் கூடு ஒன்று கீழே விழும். கண் திறக்காத குட்டியை யாராவது சட்டைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். பிள்ளைகள் பெயரும் வைத்துவிடுவார்கள். குட்டி தோளில் ஏறும், கையில் இருப்பதை வாங்கித் தின்னும். சில மாதங்கள் கழித்து, "பெரிசாயிடுச்சு, விட்டுடலாம்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூண்டைத் திறப்பார்கள். மறுநாள் அது பக்கத்து வீட்டுப் பூனையின் வாயில் கிடக்கும்.

பூனையைக் குறை சொல்லிப் பயனில்லை. மனித வாசனையும் வீட்டுப் பிராணியின் வாசனையும் பாதுகாப்பு என்று அந்த அணிலுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் வளர்த்தவர்களே.

இங்கே அணில் என்றால் எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாட்டி கதையில் இராமர் தடவிக் கொடுத்த மூன்று கோட்டு அணில் இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தது. சிலாங்கூர் தோட்டங்களில் சர்வசாதாரணமாக ஓடுவது, வயிறு செம்பழுப்பாகவும் விலாவில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடு ஓடியும் இருக்கும் வேறோர் இனம். மலாய்க்காரர்கள் துப்பாய் என்பார்கள். ஆனால் நீண்டு கூர்ந்த மூக்குடைய இன்னொரு பிராணிக்கும் அதே பெயர்தான். அது அணில் வகையே அல்ல. பூச்சியையும் பழத்தையும் தின்னும் மர மூஞ்சூறு. எது கையில் இருக்கிறது என்று தெரியாமல் தீனி கொடுப்பது முதல் தவறு.

அடுத்த கேள்வி, அதை வளர்க்கத்தான் வேண்டுமா என்பது. காயமில்லாத குட்டி என்றால், சிறு கூடையில் துணி விரித்து, வெதுவெதுப்பாக வைத்து, விழுந்த இடத்துக்கு அருகே எறும்பு அண்டாத கிளையில் கட்டிவிட்டு மனிதர்கள் விலகிப் போக வேண்டும். தாய் அணில் திரும்பி வந்து, வாயில் கவ்வி வேறு கூட்டுக்குத் தூக்கிச் செல்வது உண்டு. இருட்டும் வரை வராவிட்டால்தான் மனிதர் வேலை. அப்போதும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவிப்பதே முறை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட இனமாக இருந்தால் உரிமமின்றி வைத்திருப்பது குற்றம்.

பாலூட்டும் காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பசும்பாலும் டின் பாலும் வயிற்றுப்போக்கைத் தரும். நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவு அதைவிட மேல். குளிர்ந்து போன குட்டிக்குச் சூடேற்றாமல் பால் புகட்டக்கூடாது. ஊசி நீக்கிய சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக, குட்டியை நிமிர்த்திப் பிடித்துக் கொடுக்க வேண்டும். மூக்கில் பால் ஏறினால் நிமோனியா வந்துவிடும். பல் வந்த பிறகு சூரியகாந்தி விதையும் கச்சானுமாகக் கொடுத்துச் செல்லம் காட்டுவோர் பலர். அதில் சுண்ணாம்புச் சத்துப் போதாது. எலும்பு வளைந்து, பின்னங்கால் இழுத்துக்கொண்ட அணில் எந்த மரத்தில் ஏறும்?

இனிதான் கடினமான பகுதி. பால் மறந்த நாளிலிருந்து வளர்த்தவர் தம்மை மறக்கடிக்க வேண்டும். தூக்குவதும், பெயர் சொல்லி அழைப்பதும், விருந்தாளிக்குக் காட்டுவதும் நிற்க வேண்டும். வீட்டில் ஒருவர் மட்டும் தீனி வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிட வேண்டும். பிள்ளைகள் அழத்தான் செய்வார்கள்.

கூண்டு ஆளுயரத்துக்கு மேல், மரத்தடியில், பாம்பு நுழைய முடியாத சிறுகண் கம்பி வலையுடன் இருக்க வேண்டும். உள்ளே மரப்பெட்டி ஒன்று, பட்டையோடு கூடிய கிளைகள், கூடு பின்னத் தென்னை நார். அணிலின் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்பவை. கடித்துத் தேய்க்கக் கட்டை இல்லாவிட்டால் வாயே மூடாது. உரித்த பழம் வேண்டாம். தோலோடு ரம்புத்தான், செம்பனைப் பழம், இளந்தளிர், எறும்பு ஊரும் கிளை ஆகியவற்றை ஒளித்து வைத்துத் தேடவிட வேண்டும்.

கூண்டை வைக்கும் இடம் இன்னும் முக்கியம். காட்டு அணில்களின் சத்தம் காதில் விழ வேண்டும். இந்த இனம் எதிரிக்குத் தக்கபடி குரலை மாற்றும். தரையில் வரும் விலங்குக்கு ஒன்று, பருந்துக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று. அந்தக் குரல் கேட்டதும் உறைந்து நிற்பதையோ மறைவதையோ மனிதன் கற்றுக் கொடுக்க இயலாது. இரண்டு மூன்று வாரமாவது அது கூண்டுக்குள் இருந்தபடி இதைக் கேட்டுப் பழக வேண்டும்.

காடுதான் நல்லது என்று எண்ணி புக்கிட் செராக்கா வனத்துக்குள் கொண்டுபோய் விடுவோரும் இருக்கிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் தவறு. இது தோப்பிலும் தோட்டத்திலும் வன ஓரத்திலும் வாழப் பழகிய அணில். கிடைத்த இடத்தின் அருகே, அதே இனம் நடமாடும் இடத்தில் விடுவதே சரி. ஆனால் தோட்டத்தில் எலி விஷம் வைக்கும் சமயமா என்று விசாரித்தாக வேண்டும். 1980களில் சிலாங்கூர் கடலோரத் தென்னைகளுக்கிடையே கோக்கோ நட்டவர்கள் இந்த அணிலைப் பகையாகவே பார்த்தார்கள். காயைத் துளைத்து விதையைத் தின்றுவிடும். பழத்தோப்பு வைத்திருப்போரில் இன்றும் பொறி வைப்பவர்கள் உண்டு. அங்கே விடுவது கொலைக்களத்துக்கு அனுப்புவதாகும்.

விடும் முன் ஒரு சோதனை போதும். முன்பின் தெரியாத ஒருவர் கூண்டை நெருங்கட்டும். ஓடிப் பெட்டிக்குள் ஒளிந்தால் தயார். கம்பியில் தொற்றிக்கொண்டு தீனி கேட்டால் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். வளர்ந்த பின்னும் பயம் வராத அணிலும், கால் ஊனமான அணிலும் பெர்ஹிலித்தானின் முடிவுக்கு உரியவை.

மழையில்லாத நாளில், விடிந்த சற்று நேரத்தில் கூண்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஆள் அப்பால் போய்விட வேண்டும். கையில் பிடித்து மரத்தில் ஏற்றக்கூடாது. பெட்டி அங்கேயே இருக்கட்டும். முதல் சில இரவுகள் அது திரும்பி வந்து படுக்கும். தீனியை நாளுக்கு நாள் குறைத்து வைக்க வேண்டும். ஒரு நாள் வைத்த பழம் வைத்தபடியே இருக்கும், பெட்டியில் நார் கலையாமல் கிடக்கும். அதற்குப் பிறகு கூண்டைக் கழற்றிவிடலாம்.