ஊசி முனையில் ஒரு சங்கிலி
(கூலாய் வட்டாரத் தோட்ட மாதர்களிடையே ஆற்றிய உரை)



"மரம் வெட்டிக் காய்த்துப்போன கைக்குப் பூத்தையல் எதற்கு?" என்று கூறி ஒதுங்கும் பெண்கள் பலரை நாம் கண்டிருக்கிறோம். இவ்வெண்ணம் பொருந்தாது. பட்டையைச் சீவும்போது கத்தி சற்றே ஆழ்ந்தால் மரம் புண்படும். மேலோட்டமாகச் சென்றால் பால் குறையும். இவ்வளவை அறிந்த கை, ஊசி பிடிக்கவும் தகுந்த கையேயாகும்.

தமிழகத்தின் நீலகிரியில் வாழும் தோடர் குலப் பெண்கள், துணியில் எதுவும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணியே, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கின்றனர். அக்கலைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. தாயிடம் மகள் கற்று வளர்ந்த கலை அது.

புதிதாகக் கற்போர் சங்கிலித் தையலில் தொடங்கலாம். சட்டம் வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; பழைய துணியைக் கையில் பிடித்தே தைக்கலாம். நூல் ஒரு முழம் போதும், நீண்டால் சிக்குண்ணும். பூத்தையல் நூலின் ஆறு இழைகளுள் மூன்றைப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

துணியில் பென்சிலால் ஒரு கோடு வரையுங்கள். முடிச்சிட்ட நூலை அடியிலிருந்து கோட்டின் தொடக்கத்தில் மேலே கொணருங்கள். நூலை இடக்கைப் பெருவிரலால் வளைத்துப் பிடித்து, ஊசியை வெளிவந்த துளையிலேயே இறக்கி, ஒரு நெல்மணி நீளம் தள்ளி, அவ்வளையத்தின் உள்ளே எழச் செய்யுங்கள். மெல்ல இழுத்தால் ஒரு கண்ணி அமையும். அடுத்த கண்ணிக்கு, நூல் எழுந்த இடத்திலேயே மீண்டும் ஊசியை இறக்குங்கள். இறுக்கினால் துணி சுருங்கும். தளர்த்தினால் கண்ணி தொங்கும்.

கடைசிக் கண்ணியே முக்கியமானது. அதன் வளைவுக்குச் சற்று வெளியே ஊசியை இறக்கி, குறுந்தையலால் கட்டி, அடிப்புறத்தில் முடிச்சிட வேண்டும். மறந்தால், நூலை இழுத்த மாத்திரத்தில் வரிசை முழுவதும் கழன்றுவிடும்.

ஜோகூரில் ரப்பர் நின்ற நிலங்கள் பல, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. தோட்டம் மாறினாலும் கைத்தொழில் நம்முடன் வரும். தையலறிந்த மூத்தோர் நம்மிடையே உள்ளபோதே இளம்பெண்கள் அவர்களிடம் கேட்டுக் கற்க வேண்டும்.

முதல் வரிசை கோணலாகத்தான் அமையும். அதைப் பிரித்துவிடாதீர்கள், அதன் பக்கத்திலேயே அடுத்த வரிசையைத் தையுங்கள். பத்தாம் வரிசையை முதல் வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, கை தேறியிருப்பதை நீங்களே காண்பீர்கள்.