ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். 'நன்றி' என்று தலைப்பைக் கேட்டதும், திருக்குறள் 11-ஆம் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேடை ஏறுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அந்தப் பத்துக் குறளும் உங்களுக்கு மனப்பாடம். அதனால் கொஞ்சம் தூரத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன்.

'அந்நியன்' எழுதிய ஆல்பெர் காம்யுவை நம்மில் பலர் படித்திருப்போம். அல்ஜீரியாவில் பிறந்தவர். முதல் உலகப் போரில் 1914-இல் தகப்பனார் இறந்தபோது அவர் கைக்குழந்தை. தாயாருக்குக் காது மந்தம், எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். பையன் சீக்கிரம் சம்பாதிக்கப் போகட்டும் என்பது பாட்டியின் கணக்கு. ஆரம்பப் பள்ளி ஆசிரியர் லூயி ழெர்மேன் வீடு தேடிப் போய் அந்தப் பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். காசு வாங்காமல் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்து உதவித்தொகைத் தேர்வு எழுத வைத்தார். 1924-இல் பையன் உயர்நிலைப் பள்ளிக்குப் போனான்.

1957-இல் அவனுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு! ஆரவாரம் சற்று அடங்கட்டும் என்று பொறுத்திருந்து, நவம்பர் 19-ஆம் தேதி ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார் காம்யு. சின்னக் கடிதம்தான். செய்தி கிடைத்தவுடன் தாயாருக்கு அடுத்து உங்களைத்தான் நினைத்தேன், நீங்கள் இல்லாவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது என்பது அதன் சாரம். பரிசுக்காக ஆற்றிய உரைகளை நூலாக்கியபோது, அதையும் அந்த ஆரம்பப் பள்ளி வாத்தியாருக்கே சமர்ப்பணம் செய்தார். வாத்தியார் 1959-இல் நீண்ட பதில் எழுதினார். 1960 ஜனவரி 4-ஆம் தேதி கார் விபத்தில் காம்யு இறந்து போனார். வயது 46.

நண்பர்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். "சாருக்கு வயசாச்சே, சீக்கிரம் போய்ப் பார்க்கணும்" என்று நாம் எப்போதும் ஆசிரியரின் வயதையே கணக்குப் பார்க்கிறோம். அங்கே போனவர் மாணவர். ஆசிரியர் இருந்தார். அந்தக் கடிதமும் அவரிடம் இருந்தது.

பிறகு ஏன் எழுத மாட்டேன் என்கிறோம்? கூச்சம்! "இத்தனை வருஷம் கழிச்சு என்னத்தைய்யா எழுதறது? அவருக்கு என் பேரே ஞாபகம் இருக்காது" என்பார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-இல் இதை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று மிகையாக நினைத்தார்கள். அவருக்கு உண்டாகும் மகிழ்ச்சியையோ குறைத்து மதிப்பிட்டார்கள். எழுதுகிறவர் வாசகம் சரியாக அமைந்ததா என்று கவலைப்படுகிறார். பெறுகிறவர் அதிலுள்ள அன்பைத்தான் பார்க்கிறார்.

அவர்கள் ஆராய்ந்தது நன்றியை, கையெழுத்தை அல்ல. கையெழுத்துக்கு என்னிடம் வேறு சாட்சி உண்டு. நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். விடுதியில் இருந்த நமக்கெல்லாம் மாதா மாதம் மணியார்டர் வருமே, ஞாபகம் இருக்கிறதா? நாம் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிய பிறகு, அந்தக் கையெழுத்தோடு ஒரு ஒப்புகைச் சீட்டு பணம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். கிராமத்தில் அந்தச் சீட்டுக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து நிற்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். படிக்கத் தெரியாது. ஆனால் பிள்ளையின் கிறுக்கல் தெரியும். "எம்புள்ள கைதான், நல்லாத்தான் இருக்கான்" என்று சீட்டை வாங்கி அரிசிப் பானைக்குள் வைப்பார்கள். நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் நூறு கும்பிடு பொம்மைகள் வருகின்றன. யாராவது எடுத்துப் பானையில் வைக்கிறோமா, சொல்லுங்கள்!

எப்படி எழுதுவது என்று தயங்க வேண்டாம். "தாங்கள் ஆற்றிய அரும்பணி" என்று வாழ்த்துமடல் பாணியில் ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து. நடந்த ஒரு காரியத்தை எழுதுங்கள். பரீட்சைக் கட்டணத்துக்குத் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாரா, அதை எழுதுங்கள். லாக் டேபிள் புரியாமல் விழித்தபோது திட்டாமல் மறுபடி சொல்லிக் கொடுத்தாரா, அதை எழுதுங்கள். அதனால் பிற்பாடு உங்களுக்கு என்ன ஆயிற்று என்று இரண்டு வரி. அவ்வளவுதான். அந்தக் கடிதத்திலேயே பேரனுக்கு சீட் கேட்டுவிடாதீர்கள்! எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. நம் விடைத்தாளைத் திருத்தியவர்களுக்கு அது பழக்கம்தானே.

பேராசிரியர்களோடு நிறுத்திவிட வேண்டாம். ஆய்வுக்கூட உதவியாளர், நூலகத்தில் நேரம் கடந்தும் விளக்கை அணைக்காமல் இருந்தவர், காய்ச்சலில் கிடந்தவனுக்குத் தனியாகக் கஞ்சி வைத்துக் கொடுத்த மெஸ் சமையல்காரர், இவர்களுக்கெல்லாம் யார் எழுதப் போகிறார்கள்? படிக்கத் தெரியாதவராக இருந்தால் பேத்தி படித்துக் காட்டுவாள். அதுவும் நல்லதுதான், பேத்திக்கும் தெரிய வேண்டுமே.

இங்கே வர முடியாமல் வீட்டோடு இருக்கும் ஆசிரியர்கள், ஊழியர்களின் முகவரிப் பட்டியலைச் செயலாளர் தயாரித்து வைத்திருக்கிறார். போன சந்திப்பில் போட்ட பட்டியலைவிட இது சிறியது. வாசலில் போட்டிருக்கும் மேஜையில் ஒரு கட்டு இன்லண்ட் லெட்டரும் பேனாக்களும் பசையும் இருக்கின்றன. தேநீர் இடைவேளை அரை மணி நேரம். வடை சூடாக இருக்கிறதாம், சாப்பிட்டுக் கை துடைத்துவிட்டு உட்காருங்கள். எழுதி ஒட்டியதை என்னிடம் கொடுங்கள், சாயங்காலம் தபால் எடுப்பதற்குள் நானே பெட்டியில் போட்டுவிடுகிறேன். பின்கோடு ஆறு இலக்கத்தையும் தெளிவாக எழுதுங்கள்.